முள்ளெலி ஓடும் சக்கரத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

லண்டனிலிருந்து, வியாழன் இரவு

நண்பர்களே, அவசரம். இங்கே ஒரு கால்நடை மருத்துவமனைக்காக, ஆப்பிரிக்கக் குறுமுள்ளெலி வளர்ப்போர் கையேட்டைத் தமிழாக்குகிறேன். (நம்மூர் முள்ளெலியைப் பற்றியதல்ல, அது காட்டிலேயே இருக்கட்டும்.) திங்கள் காலை அனுப்ப வேண்டும். கூண்டுக்குள் இரவெல்லாம் அது ஏறி ஓடுமே, அந்தச் சக்கரத்துக்குச் சொல் கிடைக்கவில்லை. 'உடற்பயிற்சிச் சக்கரம்' என்று போட்டால் முள்ளெலி தண்டால் எடுப்பதுபோல் இருக்கிறது. கையேடு சொல்வது இதுதான்: விட்டம் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது, ஓடுதளம் இடைவெளி இல்லாமல் மூடியிருக்க வேண்டும், நடுவே குறுக்குத் தண்டு கூடாது.

மதுரையிலிருந்து, வெள்ளி

தம்பி, சக்கரம் வடசொல். நம்மிடம் திகிரி, ஆழி எல்லாம் உண்டு. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' (குறள் 496). அங்கே கால் என்றால் சக்கரம். ஆகவே 'ஓடுகால்'. சங்கப் பாடல்களில் வரும் முளவுமா இந்த முள்ளெலிதானா என்பதையும் பார்க்க வேண்டும். முள், முளவு, முளை, மூன்றும் ஒரே வேரா என்பதையும். விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

நாமக்கல்லிலிருந்து, வெள்ளி

விரிவான மடலுக்கு முன் ஒரு வார்த்தை ஐயா. முளவுமா முள்ளம்பன்றி, அது கொறிவிலங்கு. முள்ளெலி பூச்சி தின்பது, பெயரில்தான் எலி.

'ஓடுகால்' என்றால் எச்சரிக்கை வாக்கியம் எப்படி வரும் தெரியுமா? 'காலின் இடுக்கில் கால் சிக்கினால் கால் முறியும்.' நான் கால்நடை மருத்துவர், எனக்கே தலை சுற்றுகிறது.

விஷயம் விளையாட்டல்ல. கம்பி வலைத் தளமோ ஏணிப்படி போன்ற குறுக்குக் கம்பிகளோ இருந்தால், வேகமாக ஓடும்போது விரலும் நகமும் மாட்டிக்கொள்ளும். சக்கரம் சிறிதானால் முதுகு உள்ளே குழியும்படி வளைத்து ஓட வேண்டியிருக்கும். இன்னொன்று, ஓடிக்கொண்டே மலம் கழிக்கும். காலையில் பார்த்தால் தளம் முழுக்க அப்பிக் காய்ந்திருக்கும். கழற்றிக் கழுவ முடிகிற பிளாஸ்டிக் நல்லது. இதெல்லாம் ஒரு சொல்லுக்குள் அடங்காது, ஆனால் 'மூடிய தளம்' என்ற எண்ணமாவது வரட்டும்.

கோவையிலிருந்து, சனி

நடைப்பயிற்சி இயந்திரத்துக்கு 'ஓடுபொறி' என்று சிலர் எழுதுகிறார்கள். அதையே வைக்கலாமே என்று நினைத்தேன். எலிப்பொறி நினைவுக்கு வந்ததும் கைவிட்டேன்.

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவன் என்ற முறையில் 'ஓடுருளை'யை முன்மொழிகிறேன். நீங்கள் சொல்லும் பொருள் சக்கரமே அல்ல, ஒரு பக்கம் திறந்த உருளை. முள்ளெலி ஓடுவது அதன் வளைபரப்பின் உட்புறத்தில். ஆரக்கால் இல்லை, ஊடே அச்சும் இல்லை. மருத்துவர் கேட்டது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

சென்னையிலிருந்து, சனி

உருளை என்றதும் என் வீட்டில் கிழங்கா என்று கேட்டார்கள். 'ஓடுவளை' எப்படி? வளை என்றால் வட்டமும் ஆயிற்று, எலி வளையும் ஆயிற்று. எலி வளையானாலும் தனி வளை வேண்டும்!

நாமக்கல்லிலிருந்து, சனி

எலி இல்லை என்று நேற்றுத்தானே சொன்னேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து, ஞாயிறு

எல்லாரும் ஏன் இப்படிச் சுற்றுகிறீர்கள்? நாங்கள் சில்லு என்றுதான் சொல்லுவோம். சைக்கிளுக்கும் சில்லு, மாட்டு வண்டிலுக்கும் சில்லு. லண்டனில் இந்தக் கையேட்டை வாசிக்கப்போவது யார்? பெரும்பாலும் எங்கட சனம். 'ஓடுசில்லு' என்று எழுதுங்கோ தம்பி, அம்மம்மாவுக்கும் விளங்கும்.

மதுரையிலிருந்து, ஞாயிறு

இங்கே சில்லு என்றால் தேங்காய்ச் சில்லு. கணினிக்காரர்கள் சிப்புக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். முன்னால் 'ஓடு' வேறு சேர்ந்தால் உடைந்த ஓட்டாஞ்சில்லுதான் கண்ணில் தெரிகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து, ஞாயிறு

ஐயா, கால் என்றால் எங்களுக்கும் கால்தான் தெரியும்.

லண்டனிலிருந்து, ஞாயிறு நள்ளிரவு

எண்ணிப் பார்த்தேன். தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்து ஓடுசில்லு 4, ஓடுருளை 3, ஓடுவளை 1, ஓடுகால் 1. கணக்கு ஆசிரியர் சொன்னதுதான் பொருளுக்கு நெருக்கம் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் வாசகர் இங்கே ஈழத்தவர். 'ஓடுசில்லு' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் 'ஓடும் சக்கரம்' சேர்த்திருக்கிறேன். மூடிய தளம் என்றால் என்ன என்பதற்குப் படமும் உண்டு. கோப்பை இணைத்து அனுப்பியாயிற்று. தூங்கப் போகிறேன்.

மதுரையிலிருந்து, திங்கள் அதிகாலை

இணைப்பைப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் 'ஓடுச்சில்லு' என்று இருக்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது தம்பி. அந்த ஒற்றோடு படித்தால் நான் சொன்ன ஓட்டாஞ்சில்லேதான். அச்சுக்குப் போய்விட்டதா?