புளி கோல்டு ஸ்டோரேஜ்ல ஆயில் டிரெயின் பண்றப்ப அம்மோனியா அடிச்சுடுச்சு, அடுத்த தடவை எப்படி பண்றது?

புளிக்குடோன் தம்பி

அண்ணன்களா, அம்மோனியாவ வெச்சு குளிரூட்டுற பிளான்ட்ல வேலை பாக்கிறவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க. நான் ஐடிஐ ஃபிட்டர் முடிச்சுட்டு கிருஷ்ணகிரி பக்கம் ஒரு புளி கோல்டு ஸ்டோரேஜ்ல ஆபரேட்டரா சேந்து நாலு மாசம் ஆகுது. இப்ப புதுப்புளி சீசன், லோடு மேல லோடு வருது, வெளிய வெச்சா வெயிலுக்கு கருத்துடும்னு எல்லாரும் உள்ள கொண்டாந்து அடுக்குறாங்க, கம்ப்ரசர் ராப்பகலா ஓடுது.

முந்தாநேத்து சாயங்காலம் ஆயில் பாட்ல (கம்ப்ரசர்ல இருந்து அம்மோனியாவோட கலந்து வர்ற ஆயில் அடியில சேர்ற பாத்திரம்) இருந்து ஆயில் டிரெயின் பண்ணச் சொன்னாங்க, அதாவது வடிச்சு வெளிய எடுக்கணும். சீனியர் பண்ணும்போது ரெண்டு தடவை பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், அன்னைக்கு அவர் லீவு. வால்வ ஒரு சுத்து திறந்தேன், கருப்பா கொஞ்சம் வந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு. அடைச்சிருக்கு போலன்னு இன்னொரு சுத்து, அப்புறம் இன்னும் அரை சுத்து. திடீர்னு பக்கெட்டுக்குள்ள நுரையா பொங்கி சீறிக்கிட்டு வெள்ளப் புகையா மூஞ்சில அடிச்சுது பாருங்க, மூச்சு உள்ளயும் போகல வெளியவும் வரல. கண்ண மூடிக்கிட்டே கையால தடவித் தடவி வால்வ மூடிட்டு வெளிய ஓடியாந்து விழுந்தேன்.

வெளிய ஷெட்டுல புளி தட்டி கொட்டை எடுக்கிற அம்மாங்க முப்பது பேர் இருப்பாங்க. அவங்களுக்கு எந்தப் பக்கம் ஓடறதுன்னே தெரியல, பாதிப் பேர் புகை போற பக்கமே ஓடிட்டாங்க. ஒரு ஆயா அங்கயே முந்தானைய மூஞ்சில வெச்சுக்கிட்டு உக்காந்துடுச்சு, நான் போய் இழுத்துட்டு வந்தேன். யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆகல. எனக்கு கண்ணு இன்னும் செவப்பா உறுத்திக்கிட்டே இருக்கு, குரல் கம்மிப் போச்சு.

மொதலாளி, அடுத்த வாட்டி ஈரத்துண்ட மூஞ்சில கட்டிக்கிட்டு பண்ணுன்னு சொல்றார். அடுத்த வாரம் மறுபடி டிரெயின் பண்ணணும். பயமா இருக்கு, வேலைய விடவும் முடியாது.

கம்ப்ரசர் ரூம்

தம்பி, நான் 22 வருஷமா அம்மோனியா பிளான்ட்லதான் இருக்கேன், ஐஸ் பிளான்ட், மாங்கூழ் பேக்டரி சில்லர், பால் பிளான்ட் எல்லாம் பாத்தாச்சு. உனக்கு நடந்ததுதான் இந்தத் தொழில்ல அடிக்கடி நடக்கிற ஆக்சிடென்ட். கம்ப்ரசர் வெடிச்சு செத்தவன நான் பாத்ததில்ல, ஆயில் டிரெயின்ல கண்ணு போனவன பாத்திருக்கேன்.

ஏன் அப்படி ஆச்சுன்னா, ஆயில் அம்மோனியா லிக்விட விட கனம், அதனால அடியில தங்கும், அதுக்கு மேலயே லிக்விட் நிக்கும். ஆயில் குளிர்ந்து கெட்டியா பைப்ல அடைச்சிக்கும். நீ இன்னும் திறந்த, இன்னும் திறந்த, அந்த அடைப்பு விட்டதும் பின்னாடி இருந்த லிக்விட் மொத்தமா உன் மேல வந்துடுச்சு. ஒரு லிட்டர் லிக்விட் வெளிய வந்தா 850 லிட்டர் கிட்ட கேஸ் ஆகும், நம்ம ஊர் வெயிலுக்கு ஹெட் பிரஷர் (கம்ப்ரசர் வெளிய தள்ளுற பக்கத்து பிரஷர்) 180, 190 பிஎஸ்ஐ நிக்கும்போது அது எப்படி வரும்னு நெனச்சுப் பாரு. அதனால ஒரே ரூல், ஆயில் வர்றது நின்னா மேற்கொண்டு திறக்காத, மூடு. மூடிட்டு பாட் குளிர் விட்டு சாதாரண சூட்டுக்கு வர விடு.

அப்புறம் பாட்ட தொடறதுக்கு முன்னாடி பாரு. வெளிய பனி பிடிச்சிருந்தா உள்ள லிக்விட் இருக்குன்னு அர்த்தம், அந்த நேரத்துல டிரெயின் பண்ணவே கூடாது. பாட்டுக்கு வர்ற வால்வ மூடிட்டு சக்சன் பக்கம் (கம்ப்ரசர் கேஸ இழுக்கிற பக்கம்) திறந்து வெச்சா உள்ள இருக்கிற அம்மோனியா கொதிச்சு கம்ப்ரசருக்குப் போயிடும், பனி எல்லாம் உருகி பாட் சாதாரண சூட்டுக்கு வரணும், அதுக்கு அவசரப்படாத, மணிக்கணக்கா ஆனாலும் ஆகட்டும். பாட் சூடாயிடுச்சுன்னா சக்சன் வால்வையும் மூடிட்டு அப்புறம் டிரெயின். சரியா பண்ணா ஆயில் தேன் மாதிரி சத்தமில்லாம வரும், சீறல் கேட்டா உடனே கைய எடுக்கணும்.

கைய எடுத்தா வால்வு தானா மூடணும், அதான் முக்கியம். டிரெயின் லைன்ல சாதா வால்வுக்கு அடுத்து ஸ்பிரிங் வால்வு ஒண்ணு இருக்கணும், பிடிச்சிருக்கிற வரைக்கும் திறந்திருக்கும், விட்டா மூடிக்கும். உங்க பிளான்ட்ல இருக்கா? இருந்தா அத பைண்டிங் வயர் போட்டு கட்டி வெச்சிருக்காங்களான்னு போய்ப் பாரு, நெறைய இடத்துல கை வலிக்குதுன்னு கட்டி வெச்சிடுவாங்க. கட்டிட்டா அது இருக்கிறதும் இல்லாததும் ஒண்ணுதான்.

ஈரத்துண்டு கதை வேற. அது தப்பிச்சு ஓடறதுக்கு, அம்மோனியா தண்ணில அவ்ளோ நல்லா கரையும், ஒரு பங்கு தண்ணி சுமார் 700 பங்கு கேஸ இழுத்துக்கும், அதனால ஓடும்போது ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் உதவும். துண்ட கட்டிக்கிட்டு நின்னு வேலை பாக்கிறது வேண்டாம். டிரெயினுக்கு அம்மோனியாவுக்குன்னு இருக்கிற கேனிஸ்டர் (கேஸ வடிகட்டுற டப்பா) போட்ட முழு முக மாஸ்க், ரப்பர் கையுறை, பூட்ஸ், ஆள் ரெண்டு பேர், அந்த ரெண்டாவது ஆள் தள்ளி நிக்கணும். கேனிஸ்டர்ல டேட் பாரு, சீல் உடைஞ்சு வருஷக்கணக்கா ஆணியில தொங்கிறது வேலைக்காகாது. தாடி இருந்தா மாஸ்க் ஒட்டாது, ஷேவ் பண்ணிட்டுப் போ. பெரிய லீக்குன்னா கேனிஸ்டர நம்பி உள்ள போகாத, அங்க சிலிண்டரோட மாட்டுற பிரீத்திங் செட் போட்ட, டிரெயினிங் எடுத்த ஆள்தான் போகணும். லீக்ல கிங் வால்வ (லிக்விட் டேங்க்ல இருந்து வெளிய போற மெயின் வால்வு) மூடணும்தான், ஆனா புகைக்குள்ள போய் மூடாத, வெளியில இருக்கிற எமர்ஜென்சி ஸ்டாப்ப அடி.

சப்போட்டா தோட்டம்

எங்க மாமா கோல்டு ஸ்டோரேஜ்ல லோடு மேன். அம்மோனியா காரம்னு பத்தாவதுல படிச்சோம், புளி அமிலம்தான, கண்ணுல பட்டா புளித்தண்ணி கரைச்சு கழுவினா முறிஞ்சுடும்னு அவர் சொல்வாரு. அங்க புளிக்கு பஞ்சமே இல்ல, தம்பி ஒரு குண்டான்ல கரைச்சு வெச்சுக்கலாமே.

இரவுப் பணி நர்ஸ்

தயவுசெஞ்சு யாரும் புளித்தண்ணி ஊத்தாதீங்க. எலுமிச்சை, வினிகர், மோர், எதுவும் வேண்டாம். காரமும் அமிலமும் சேந்தா சூடு வரும், ஏற்கெனவே வெந்த கண்ணுல இன்னொரு சூடு. வெறும் தண்ணி, நெறைய தண்ணி, உடனே. இமைய விரலால விரிச்சுப் பிடிச்சு குறைஞ்சது 15 நிமிஷம், அரை மணி நேரம் ஊத்தினா இன்னும் நல்லது. பேஷண்ட் வலியில கண்ண இறுக்கி மூடிக்குவாங்க, இன்னொருத்தர் பிடிச்சே ஆகணும். ஆஸ்பத்திரிக்குப் போய் கழுவிக்கலாம்னு ஆட்டோ தேடாதீங்க, காரம் அமிலம் மாதிரி மேலோட நிக்காது, கண்ணுக்குள்ள இறங்கிக்கிட்டே போகும், அங்கயே குழாயடியில ஆரம்பிக்கணும்.

இந்த கேஸ் ஈரம் இருக்கிற இடத்தத்தான் தேடிப் போகும். கண்ணு, மூக்கு, தொண்டை, அப்புறம் வேர்வை நிக்கிற அக்குள், தொடையிடுக்கு. எங்க வார்டுக்கு வந்த ஒருத்தர் மூஞ்சிய மட்டும் கழுவிட்டு அதே சட்டையோட வந்தார், கழட்டிப் பாத்தா அக்குள் முழுக்க கொப்புளம். அதனால துணியெல்லாம் கழட்டிட்டு தலையோட ஊத்துங்க. லிக்விடே பட்டு துணி தோல்ல உறைஞ்சு ஒட்டியிருந்தா மட்டும் பிச்சு இழுக்காதீங்க, தோலும் கூட வந்துடும், தண்ணிய ஊத்தி உருகவிட்டு எடுக்கணும். களிம்பு, எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.

தம்பி, உங்களுக்கு ரெண்டு நாளாகியும் கண்ணு செவப்பா இருக்கு, குரல் கம்மிப் போயிருக்குன்னு சொல்றீங்க. இத படிச்சதும் முதல்ல கண் டாக்டர்கிட்ட போங்க, அப்படியே நெஞ்சையும் பாக்கச் சொல்லுங்க. நிறைய இழுத்தவங்களுக்கு அப்ப நல்லா இருக்கிற மாதிரி இருந்துட்டு பல மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்துக்கும், அதனாலதான் 24 மணி நேரம் வெச்சுப் பாப்போம். குரல் இன்னும் மோசமாகுறது, எச்சில் முழுங்க முடியாதது, மூச்சு விசில் அடிக்கிறது, இதுல எது வந்தாலும் 108தான், பைக்ல உக்கார வெச்சு கூட்டிட்டு வராதீங்க. அந்த ஆயாவ யாராச்சும் பாத்தீங்களா? வயசானவங்க, இருமல் இருக்கான்னு கேளுங்க.

ஓய்வு ஃபயர்மேன்

ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணு தண்ணி. லிக்விட் தரையில தேங்கி நின்னா அது மேல டியூப் பிடிச்சு அடிக்காதீங்க. அது மைனஸ் 33 டிகிரில கொதிக்கிற சாமான், நம்ம குழாய்த்தண்ணி அதுக்கு வெந்நீர் மாதிரி, ஊத்தினா குபீர்னு கிளம்பும். தண்ணிய தூறலா புகை மேல திரை மாதிரி அடிக்கணும், அப்ப கேஸ் தண்ணில கரைஞ்சு இறங்கும். அந்தத் தண்ணி கிணத்துக்கோ ஏரிக்கோ போகவிடாம மண் போட்டு தடுங்க, மீன் எல்லாம் செத்து மிதக்கும்.

இன்னொண்ணு காத்து. அம்மோனியா காத்த விட லேசு, மேல போயிடும்னு புத்தகத்துல இருக்கும், ஆனா லீக் ஆகும்போது துளித்துளியா குளிரா வர்றதால பனிமூட்டம் மாதிரி தரையோட படுத்து வரும். பள்ளத்துல போய் உக்காரக் கூடாது. காத்து எங்க இருந்து வருதோ அதுக்கு குறுக்கால நடந்து முதல்ல புகையில இருந்து வெளிய வந்து, அப்புறம் காத்து வர்ற பக்கம் ஏறிப் போகணும். எண்ணூர்ல 2023 டிசம்பர்ல கடலுக்கடியில போற அம்மோனியா பைப் லீக் ஆச்சே, நடு ராத்திரி ஜனங்க கைக்குழந்தைய தூக்கிக்கிட்டு தெருவுல ஓடினாங்க. உங்க ஷெட்டுல இருக்கிற முப்பது பேருக்கும் இது தெரியணும். ஒரு கம்பத்துல துணி கட்டிவிடுங்க, அது எந்தப் பக்கம் ஆடுதுன்னு பாத்தாலே போதும்.

மூக்கு பழகிடுச்சுன்னு சொல்றவன நம்பாதீங்க. 25 பிபிஎம்தான் (பத்து லட்சம் பங்கு காத்துல 25 பங்கு) எட்டு மணி நேர வேலைக்கு எல்லை, 300 போனா உயிருக்கே ஆபத்து. வருஷக்கணக்கா உள்ள இருக்கிறவனுக்கு 50 கூட நாத்தமா தெரியாது. கம்ப்ரசர் ரூம் மூடியிருந்து கேஸ் நெறைஞ்சா, 15 சதவீதத்துல இருந்து 28 வரைக்கும் பொறி பட்டா பத்திக்கும், அதனால உள்ள போய் ஸ்விட்ச் தட்டாதீங்க.

மொதலாளி கேக்கலன்னா, போபாலுக்கு அப்புறம் 1987ல அப்ப இருந்த ஃபேக்டரி சட்டத்த திருத்தி, ஆபத்து இருக்குன்னு தொழிலாளி எச்சரிக்கிற உரிமைய தனியா சேத்தாங்க, நீங்க ஒண்ணும் புதுசா சண்ட போடல. தொழிலகப் பாதுகாப்பு ஆபீஸ் ஓசூர்ல இருக்கு, அங்கயும் எழுதலாம்.

புளிக்குடோன் தம்பி

எல்லாருக்கும் நன்றிங்க, பத்து நாள் கழிச்சு எழுதறேன். நர்ஸ் அக்கா சொன்ன அன்னைக்கே போனேன், கருவிழி மேல லேசா புண்ணுன்னு சொட்டு மருந்து குடுத்தாங்க, இப்ப தெளிஞ்சுடுச்சு. ஆயாவையும் கூட்டிட்டுப் போய் காட்டினேன், நெஞ்சு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க.

கம்ப்ரசர் ரூம் அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே போய்ப் பாத்தேன். ஸ்பிரிங் வால்வு இருக்கு, ஹேண்டில்ல துரு ஏறின பைண்டிங் வயர் மூணு சுத்து. நான் அன்னைக்கு அத வால்வோட ஒரு பாகம்னு நெனச்சிருக்கேன். சீனியர் வந்ததும் அவர் முன்னாடியே கட்டிங் பிளேயர்ல வெட்டி எடுத்தேன், அவர் ஒண்ணும் சொல்லல, ஸ்பிரிங்குக்கு கிரீஸ் மட்டும் போட்டார்.

நேத்து ரெண்டு பேரா டிரெயின் பண்ணோம். காலைல ஆறு மணிக்கே பாட்டுக்கு வர்ற வால்வ மூடி விட்டோம், பனி முழுசா உருக பதினொண்ணு ஆச்சு. தட்டுற அம்மாங்கள முதல்லயே காத்து வர்ற பக்கம் சாப்பிட அனுப்பிட்டோம். அரை பக்கெட் ஆயில், சத்தமே இல்ல. மாஸ்க்குக்கு மொதலாளி ரெண்டு புது கேனிஸ்டர் வாங்கிக் குடுத்துட்டார். கம்பத்துல அந்த ஆயா குடுத்த பழைய சேலைக் கிழிசல கட்டியிருக்கோம், மஞ்சள் கலரு, ரோட்ல இருந்தே தெரியுது.

கண்ணு கழுவுற குழாய் மட்டும் இன்னும் போடல, கம்ப்ரசர் ரூம் வாசல்ல இருந்து தொட்டி இப்ப நாப்பது அடி. கண்ண மூடிக்கிட்டு நடந்து பாத்தேன், ரெண்டு தடவை புளி மூட்டையில இடிச்சுக்கிட்டேன். வாசலுக்குப் பக்கத்துலயே குழாய் இழுத்துக் குடுங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன், அது வர்ற வரைக்கும் வாசல்ல ரெண்டு டிரம் தண்ணியும் மக்கும் வெச்சிருக்கோம், டெய்லி மாத்தறோம்.