போண்டியாக் போண்டியான கதை: உங்கள் பங்குக்கு ஒன்று சொல்லுங்கள்

டிராய்வாசி

பெயரைத் தமிழில் எழுதினாலே ஜாதகம் தெரிந்துவிடுகிற கார் இது ஒன்றுதான். ஜெனரல் மோட்டார்ஸின் பிராண்டாக 1926-இல் பிறந்த போண்டியாக்கை 2009-இல் மூடினார்கள். மிச்சிகனுக்கு வேலைக்கு வந்த நம் ஆட்கள் பலருக்கு இதனோடு ஏதாவது ஒரு பழக்கம் இருக்கும். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வந்தால் டெட்ராய்ட் வட்டாரத்தில் வேறு பேச்சே கிடையாது. வுட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய கார்களின் ஊர்வலம், 1995 முதல் நடக்கிறது. தேரோட்டம் பார்க்கிற மாதிரி சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவோம். போன முறை கையில் புளியோதரை டப்பாவோடு ஒரு கடை வாசலில் நின்ற காரைப் பார்க்கப் போனேன். 1966 போண்டியாக் ஜிடிஓ. உரிமையாளர் எழுபது தாண்டிய தாத்தா. அவர் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தார். பெல்ட் பக்கிள் பெயின்ட்டில் உரசிவிடுமாம். சட்டையை வெளியே எடுத்துவிட்டுக்கொண்ட பிறகுதான் பானெட்டைத் தூக்கினார்.

உள்ளே வரிசையாக மூன்று கார்புரேட்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பவை. மெதுவாகப் போகும்போது நடுவில் இருப்பது மட்டும் வேலை செய்யும். அழுத்தி மிதித்தால் முன்னும் பின்னும் இருக்கிற இரண்டும் திறக்கும். தாத்தா ஒரு தடவை ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காட்டினார். புளியோதரை டப்பாவின் மூடி அதிர்ந்தது, மிகையாகச் சொல்லவில்லை.

அந்தக் கார் பிறந்த விதம் தெரியுமா? நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது சுமார் 5.4 லிட்டருக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகத்தின் கட்டளை. 1963 தொடக்கத்தில் பந்தயமும் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். போண்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும் அவருடைய ஆட்களும் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். புது மாடல் என்றால்தான் மேலிடத்தின் அனுமதி வேண்டும், கூடுதல் வசதி என்றால் வேண்டாம். டெம்பஸ்ட் என்கிற சாதுவான காரில் 6.4 லிட்டர் எஞ்சினைக் கூடுதல் வசதி என்ற பெயரில் இறக்கிவிட்டார்கள். பெயரை ஃபெராரியிடமிருந்து சுட்டார்கள். 5,000 விற்றால் போதும் என்று தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டது விற்பனைப் பிரிவு. 1964-இல் விற்றது 32,450. 1966-இல் 96,946.

வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாமல் கொல்லைப்புற வழியாகப் போய்ச் சாதித்த பிள்ளை அது. பெரியவர்கள் சொன்னபடி நடக்க ஆரம்பித்த பிறகுதான் கெட்டது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

நட்டுபோல்ட்

ஒரு சின்னத் திருத்தம், அண்ணே. போண்டியானது ஜெனரல் மோட்டார்ஸ். போண்டியாக் அதற்குக் கொடுத்த பலி. 2009 ஏப்ரல் 27 அன்று மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது, ஜூன் 1 அன்று தாய் நிறுவனம் திவால் மனுப் போட்டது. நான் அப்போது உதிரிபாகம் செய்து கொடுக்கிற ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். கேன்டீன் டிவியில் செய்தி ஓடியபோது யாரும் பெரிதாக அதிர்ச்சி அடையவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார ஃபோர்மேன் மட்டும் சாண்ட்விச்சை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அவருடைய அப்பா போண்டியாக் ஊரிலேயே அந்தக் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்று பிறகு தெரிந்தது. நமக்கு அது பிராண்ட், அவருக்கு அது ஊர்ப்பெயர், அப்பா பெயர், எல்லாமும்.

உங்கள் கட்சியை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். பெரியவர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது. 1971-இல் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக எஞ்சினின் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள், வலுவும் குறைந்தது, இன்ஷூரன்ஸ் கட்டணம் இளைஞர்களின் கழுத்தை நெரித்தது, 1973-இல் எண்ணெய்த் தடை வந்தது. எந்தக் கொல்லைப்புறமும் அதற்கு உதவாது.

என் கணக்கில் உண்மையான சாவு 1981. போண்டியாக் தானே வடிவமைத்த வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின் அந்த வருடத்தோடு நின்றது. அதற்கப்புறம் எல்லாம் பொதுச் சமையல். 2005-இல் ஒரே வேனை செவர்லே, ப்யூக், சாட்டர்ன், போண்டியாக் என்று நான்கு பெயரில் விற்றார்கள். ஒரே மாவை இட்லித் தட்டிலும் கிண்ணத்திலும் ஊற்றி வேறு வேறு பலகாரம் என்றால் யார் நம்புவார்கள்?

ஸ்கார்பரோ அண்ணன்

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே போண்டியாக் பெடியன்களின் கார். எங்கள் ஆட்கள் வந்த புதிதில் வாங்கியது பெரும்பாலும் பழைய சன்ஃபயர்தான். நானும் ஒன்று வைத்திருந்தேன். இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வந்து கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே டாஷ்போர்ட் செம்மஞ்சளாக எரியும். போண்டியாக்கின் மீட்டர்களுக்கு அந்தச் சிவந்த வெளிச்சம்தான் அடையாளம். விமானத்துக்குள் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு வரும். வண்டி என்னவோ மெதுவானதுதான்.

நான் சொல்ல வந்தது அதை இல்லை. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவரிடம் 1979 போண்டியாக் டிரான்ஸ் ஆம் ஒன்று இருந்தது. கறுப்பு, பானெட் முழுக்கச் சிறகு விரித்த பொன்னிறப் பறவை. முதல் பனி விழ முன்னமே கராஜுக்குள் போய்விடும், ஏப்ரலில்தான் வெளியே வரும். ஒருநாள் அவருக்குப் பின்முற்றத்தில் வேலி போட உதவி செய்தேன். கூலி வாங்க மாட்டேன் என்றேன். "அப்ப ஏறு" என்றார்.

டாஷ்போர்ட்டில் அலுமினியத் தகடு, அதில் வட்டம் வட்டமாகச் சுழித்துத் தேய்த்த வேலைப்பாடு. சரியான வடிவு. கூரைக் கண்ணாடி இரண்டையும் கழற்றிப் பின்னால் வைத்தார். எனக்குப் பெரிய வேகம் எதிர்பார்ப்பு. போனோம், வந்தோம். சத்தம் வந்த அளவுக்கு வேகம் வரவில்லை. இறங்கும்போது கிழவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: 6.6 லிட்டர் எஞ்சின், 185 குதிரைத்திறன்தான், அதுவும் போண்டியாக் செய்ததில்லை, ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிராண்டான ஓல்ட்ஸ்மொபீலின் எஞ்சின். அந்த வருடத்து டிரான்ஸ் ஆம்களில் அதிகமானவை அப்படித்தானாம்.

பிறகு நானே தேடிப் பார்த்தேன். முதல் டிரான்ஸ் ஆம் 1969-இல் வந்தபோது செய்தது வெறும் 697. அது உண்மையான வேகக்காரர்களுக்கு. 1977-இல் பர்ட் ரெனால்ட்ஸ் படம் ஒன்றில் கறுப்பு டிரான்ஸ் ஆம் பறந்தது, அதற்குப் பிறகு சனம் வரிசையில் நின்று வாங்கியது. 1979-இல் 1,17,108 விற்றது. வலு குறையக் குறைய விற்பனை கூடியிருக்கிறது! இதற்கு டிராய்வாசி தம்பி என்ன சொல்கிறீர்கள்?

டிராய்வாசி

அண்ணா, அடித்துவிட்டீர்கள். பதில் இல்லை. அந்தப் பறவையைத்தான் சனம் வாங்கியிருக்கிறது, எஞ்சினை இல்லை. இந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘அலறும் கோழி’.

இன்னொன்று. டிரான்ஸ் ஆம் என்பது ஒரு பந்தயத் தொடரின் பெயர். அதைப் பயன்படுத்த ஒவ்வொரு காருக்கும் 5 டாலர் பந்தய அமைப்புக்குக் கட்டினார்கள்.

பழைய வைப்

நான் ஓட்டுவதை வேகக்கார் என்று சொன்னால் தாத்தா பெல்ட்டால் அடிப்பார். 2005 போண்டியாக் வைப். கலிபோர்னியாவில் எம்.எஸ். படிக்கும்போது, ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சீனியர் அக்காவிடம் வாங்கியது. முதல் தடவை ஆயில் மாற்றப் போனபோது, போண்டியாக்குக்கு ஃபில்டர் வேண்டும் என்று கடையில் கேட்டேன். கவுன்டர்காரர் என்னையும் வண்டியையும் பார்த்துவிட்டு கொரோல்லா ஃபில்டரை எடுத்து நீட்டினார். அப்போதுதான் தெரிந்தது, உள்ளே இருப்பது முழுக்க டொயோட்டா. மேட்ரிக்ஸ் என்கிற காரின் இரட்டைப் பிறவி.

ஃப்ரீமாண்டில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நடத்திய நம்மி தொழிற்சாலையில் செய்த வண்டி. அதே கட்டடத்தில் இப்போது டெஸ்லா கார் செய்கிறது. தினமும் 880 நெடுஞ்சாலையில் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். பிறந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் குடிவந்துவிட்டதை என் வைப்புக்கு ஒவ்வொரு நாளும் காட்டுகிற பாவம் எனக்கு.

இதில் ஒரு வசதி உண்டு: டாஷ்போர்டிலேயே வீட்டு மின்சாரப் பிளக். முகாமுக்குப் போனபோது ரைஸ் குக்கரைச் சொருகினேன். சோறும் வேகவில்லை, பிளக்கும் வேலை செய்யவில்லை. அந்தப் பளு தாங்காது என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. அன்று ஊறிய அரிசியும் ஊறுகாயும்.

அஸ்டெக் அனுதாபி

போண்டியாக்கின் அஸ்டெக்கை யாரும் எடுக்கவில்லையே என்று பார்த்தேன். உலகத்தின் அசிங்கமான கார்ப் பட்டியல் எது வந்தாலும் முதல் பத்தில் இருக்கும். என் மாமா ஒன்று வைத்திருந்தார். பின்கதவோடு சேர்த்துக் கட்டுகிற கூடாரம், கழற்றி எடுத்துப்போகிற ஐஸ் பெட்டி எல்லாம் உண்டு. உள்ளே உட்கார்ந்திருக்கும் வரை அருமையான கார். வெளியே வந்து திரும்பிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

நட்டுபோல்ட்

சிரித்து முடித்தேன், இப்போது வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். எனக்கு அஸ்டெக்கை விட ஃபியெரோதான் வலிக்கும். 1984-இல் வந்தது. இரண்டே இருக்கை, நடுவில் எஞ்சின். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் மேலிடம் பணம் தராது என்று, ஆபீஸ் போய்வர எரிபொருள் மிச்சம் பிடிக்கிற கார் என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். அதே கொல்லைப்புற உத்தி! ஆனால் பணம் குறைவு, மற்ற சிறு கார்களின் சஸ்பென்ஷனைப் பொறுக்கி ஒட்டினார்கள், எஞ்சின் வெறும் 92 குதிரைத்திறன். முதல் வருடக் கார்களில் சில தீப்பிடித்தன, பெயர் கெட்டது. 1988-இல் புது சஸ்பென்ஷன் கொடுத்து ஒழுங்கு செய்தார்கள். அந்த வருடத்தோடு நிறுத்தியும் விட்டார்கள். பிள்ளை பாஸானதும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திய மாதிரி.

ஹூஸ்டன் ஜி8

போண்டியாக்கின் கடைசிக் காலத்தில் வந்தது ஜி8. ஆஸ்திரேலியாவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹோல்டன் நிறுவனம் செய்து, முகத்தை மாற்றி இங்கே விற்றார்கள். 6 லிட்டர் வி8, 361 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். என்னிடம் 2009 ஜிடி இருக்கிறது.

ஒருநாள் சான் அன்டோனியோ போகும் வழியில் கொஞ்சம் மிதித்துவிட்டேன். பின்னால் சிவப்பும் நீலமும். ஓரங்கட்டி இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டேன். போலீஸ்காரர் வந்தார், லைசென்ஸ் வாங்கினார், வேகத்தைச் சொன்னார், திட்டினார். சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு, குரலை இறக்கி, பானெட்டைத் திறக்க முடியுமா என்றார். இரண்டு பேரும் வெயிலில் நின்று ஐந்து நிமிஷம் எஞ்சினைப் பார்த்தோம். அபராதம் குறையவில்லை.

டிராய்வாசி

போலீஸ்காரரும் போண்டியாக்காரர்தான் போல. அமெரிக்காவில் கடைசி போண்டியாக் 2009 நவம்பர் 25 அன்று ஓரியன் தொழிற்சாலையில் இறங்கியது. என் வீட்டிலிருந்து பக்கம்தான். வெள்ளை நிற ஜி6. ஜிடிஓ இல்லை, டிரான்ஸ் ஆம் இல்லை, வாடகைக் கார் வரிசையில் நிறுத்தினால் கண்டுபிடிக்க முடியாத ஒரு செடான்.

பழைய வைப்

என் வண்டி 2,14,000 மைல் தாண்டிவிட்டது, இன்னும் ஓடுகிறது. முன்னால் இருந்த சிவப்பு அம்புமுனைச் சின்னம்தான் வெயிலில் வெளிறி, போன வாரம் கார் கழுவும்போது உடைந்துவிட்டது. சின்னம் இல்லாமல் மூளியாக ஓட்ட மனசு வரவில்லை. எங்கே கிடைக்கும்?

நட்டுபோல்ட்

பழைய கார் உடைக்கிற யார்டுக்குப் போங்கள் தம்பி, நாமே கழற்றிக்கொள்கிற யார்டாகப் பாருங்கள். அதே மாடல் வைப்பாக இருக்கட்டும், மற்றவற்றின் அளவு மாறும். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாதீர்கள், உடைந்துவிடும். வெந்நீரைத் துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் ஒற்றி, பசை இளகியதும் தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு ரம்பம் மாதிரி இழுங்கள். கிடைத்தால் இரண்டாக எடுத்து வாருங்கள், ஒன்று எனக்கு.