பெரிய மியூசியத்தில் சேகரிப்பு, காப்பாட்சி இரண்டுக்கும் தலைமை: முதல் வருடத்தில் எதைப் பிடிப்பது?

கொழிஞ்சாம்பாறைப் பெண்:

வணக்கம். கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியத்தில் படித்து வளர்ந்தவள் நான். 14 வருடமாக மியூசியம் வேலை, அதில் பாதிக்கு மேல் பதிவேட்டோடும் ஸ்டோரோடும்தான் போனது. இப்போது வெளிமாநிலத்தில் ஒரு பெரிய கலை அருங்காட்சியகத்தில் சேகரிப்பு, காப்பாட்சி இரண்டுக்கும் சேர்த்துத் தலைமைப் பொறுப்புக்கு எடுத்திருக்கிறார்கள். ஓணம் முடிந்ததும் சேர வேண்டும்.

ஓவியம், செப்புத் திருமேனி, மரம், துணி, காகிதம் என்று பிரிவுக்கு ஒரு காப்பாட்சியர் (க்யூரேட்டர்) இருக்கிறார், எல்லோரும் அவரவர் துறையில் என்னைவிட ஆழமாகப் படித்தவர்கள். போன மாதம் ஸ்டோரைச் சுற்றிக் காட்டினார்கள். பழைய பேரேடு ஒன்று, அதற்குப் பிறகு வந்த கார்டுகள், அப்புறம் எக்செல். மூன்றிலும் எண்ணிக்கை மூன்று விதம். ஒரு மரச்சிற்பத்தின் கழுத்தில் நூலில் கட்டியிருந்த அட்டைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், மை ஊறிப்போய் எண்ணின் கடைசி இலக்கம் 3ஆ 8ஆ என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தச் சீட்டுதான் கண்ணில் நிற்கிறது.

இயக்குநருக்கு முதல் வருடத்திலேயே ஒரு பெரிய கண்காட்சி வேண்டும், காப்பாட்சியர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எனக்கோ ஒவ்வொரு பொருளையும் எடுத்து எண்ணைச் சரிபார்த்து, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் வேறு எதிலும் இறங்க மனம் வரவில்லை. ஆனால் வந்ததும் வராததுமாக "கண்காட்சி வேண்டாம், கணக்கெடுப்போம்" என்றால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வேலந்தாவளத்தான்:

கணக்கெடுங்கள் அம்மா, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. 2023 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மியூசியத்தில் என்ன நடந்தது என்று படித்திருப்பீர்கள். ரத்தினக்கல், நகை என்று ஏறக்குறைய 2,000 சின்னப் பொருட்கள் காணாமலும் திருடுபோயும் சேதமாகியும் இருந்தது வெளியே வந்து, இயக்குநர் ஹார்ட்விக் ஃபிஷர் பதவி விலகினார். ஒரு பழம்பொருள் வியாபாரி 2021லேயே எழுதி எச்சரித்திருந்தார். போனவற்றில் பல ஒழுங்காகப் பட்டியலிடப்படாதவை. பட்டியலிலேயே இல்லாத பொருளை "எங்களுடையதுதான்" என்று எதைக் காட்டிக் கேட்பது?

நான் வேதியியல் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், மரமும் செம்பும் ஒரே அறையில் இருந்தன. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்கும்போது வீட்டுக் கதவு சுருங்கி இடுக்கு விடும், ஆனி, ஆடி மழையில் அதே கதவு ஊதிப்போய்ச் சாத்த வராது. மரத்துக்கு ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். ஆனால் மண்ணில் புதைந்து கிடந்து எடுத்த செப்புத் திருமேனிக்கு அந்த 50 அதிகம். உள்ளே குளோரைடு உப்பு இருந்தால் 40க்குக் கீழே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிர்பச்சைப் பொடி பூத்து உலோகத்தைத் தின்றுகொண்டே போகும்.

அந்த வருடம் ஆடியில் ஒரு சின்ன அம்மன் திருமேனியின் பாதத்துக்கு அடியில் கடுகளவு பொடியைப் பார்த்தேன். சுத்தம் செய்தோம், இரண்டு வாரத்தில் அதே இடத்தில் மறுபடி வந்தது. காற்றுப் புகாத பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டுத் தனியே வைத்த பிறகுதான் நின்றது. என்னை உலுக்கியது அது இல்லை. அந்த அறையில் இதே நிலையில் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று கேட்டபோது ஒருவரிடமும் பதில் இல்லை, ஏனென்றால் பல வருடமாக யாரும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்கவே இல்லை. எண்ணும்போதே ஒவ்வொன்றின் உடல்நிலையையும் போட்டோவோடு எழுதிவிடுங்கள், இன்னொரு தடவை எடுக்க வேண்டி வராது.

நகரிக்காரர்:

அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கண்காட்சியைக் கணக்கெடுப்புக்கு எதிரியாக நிறுத்த வேண்டாம் மேடம். காப்பாட்சியர்கள் ஒரு பொருளோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்து எழுதுவது பெரும்பாலும் கண்காட்சி வரும்போதுதான். அதைப் பிடுங்கிவிட்டால் அவர்களுக்கு வெறும் எண் ஒட்டும் வேலைதான் மிஞ்சும்.

சின்ன வயதில் அப்பா நகரியிலிருந்து ரயிலில் எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போய் அமராவதிச் சிற்பங்களைக் காட்டினார். கிருஷ்ணா நதிக்கரைக் கல் மெட்ராஸுக்கு ஏன் வந்தது என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. 1845இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார், அதில் ஒரு பெரும்பகுதி 1859இல் லண்டனுக்குக் கப்பலேறியது என்பதெல்லாம் பெரியவனான பிறகு நானாகப் படித்தது. ஒரு பொருள் எந்த ஊரிலிருந்து, யார் கை மாறி, எந்தக் காகிதத்தோடு வந்தது என்பது பார்க்க வருகிறவனுக்கும் வேண்டிய விஷயம்.

உங்களுக்கோ அது சட்டப் பிரச்சினையும்கூட. ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியாவின் நேஷனல் கேலரி 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடம் வாங்கியது. பழம்பொருட்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் 1972 சட்டம் வருவதற்கு முன்பே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று காட்டும் காகிதம் இருந்தது, அது போலி. சிலை கோயிலில் இருந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் எடுத்து வைத்திருந்த போட்டோ உண்மையைக் காட்டிக்கொடுத்தது, 2014இல் நடராஜர் திரும்பி வந்தார். அங்கே படித்த காப்பாட்சியர்கள் இல்லாமலா இருந்தார்கள்? அதனால் கணக்கெடுக்கும் படிவத்தில் "எப்படி வந்தது" என்று ஒரு கட்டம் கட்டாயம் வையுங்கள், அதை நிரப்பும் பொறுப்பைக் காப்பாட்சியரிடமே கொடுங்கள். சந்தேகம் வந்தால் அடுத்த நாளே மேலே எழுதிவிடுங்கள், கட்டம் காலியாகவே கிடக்க விடாதீர்கள்.

தக்கலை வாசி:

சின்னதாக ஒன்று. எங்கள் ஊர்ப் பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. இடம் ஒருவருடையது, பொறுப்பு இன்னொருவருடையது என்பது எங்களுக்குப் பழகிய ஏற்பாடு, யார் கையெழுத்து எதற்கு என்று தெளிவாக இருந்தால் நடக்கும். நீங்கள் சேர்ந்த முதல் வாரமே ஒரு விதி போடுங்கள்: எந்தப் பொருளும், அடுத்த அலமாரிக்குப் போவதானாலும், நகர்வுப் புத்தகத்தில் கையெழுத்தில்லாமல் நகரக் கூடாது. இயக்குநர் கேட்டாலும் அப்படித்தான். பிறகு, ஸ்டோர் உதவியாளர்களோடு உட்கார்ந்து டீ குடியுங்கள். எந்த மூலையில் மழைக்கு ஒழுகும், எந்தச் சிலையை எங்கே பிடித்துத் தூக்கினால் கை உடையும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும், அவர்களில் யாராவது ஓய்வு பெறுவதற்குள் கேட்டு எழுதிவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பெண்:

மூவருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாளாக இதையே யோசித்தேன். செம்பிலும் மரத்திலும் தொடங்கப் போகிறேன், மழை முடிவதற்குள் திருமேனிகள் அத்தனையையும் திருப்பிப் பார்த்தாக வேண்டும். கண்காட்சியைக் கைவிடவில்லை. கணக்கெடுப்பில் கைக்கு வருவதிலிருந்தே ஒவ்வொரு காப்பாட்சியரும் இருபது பொருள் எடுக்கட்டும், எப்படி வந்தது என்ற கதை முழுதாகத் தெரிந்தவை மட்டும். இயக்குநரிடம் போனில் சொன்னேன், முதல் வருடக் கடைசியில் என்றால் சரி என்றார். துணியும் காகிதமும் மட்டும் நான் விடமாட்டேன், 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது, மூன்று மாதத்தில் இறக்கிவிட்டு வேறு மாட்ட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தச் சீட்டு விஷயம். அங்கே பதிவாளராக இருக்கும் அக்காவிடம் கேட்டேன், பழைய பேரேட்டில் அந்த இரண்டு எண்ணுக்கும் உரிய பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். 8இல் முடிவது பித்தளைத் தூக்குவிளக்கு. 3இல் முடிவது மரத்தில் துவாரபாலகர், உயரம் இரண்டடி நான்கு அங்குலம், இடது கை விரல் இரண்டு இல்லை என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது. அக்கா டேப்போடு போய் அளந்து பார்த்தார். இரண்டடி நான்கு அங்குலம்தான், விரலும் இரண்டுதான் இல்லை. புதுச் சீட்டு கட்டியாகிவிட்டது, பழையதை உறையில் போட்டுக் கோப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.