மூன்று மோட்டர் போதும் என்று அல்கோரிதம் சொன்னது

பரந்தன் அண்ணை:
எங்கள் ஊர்த் தண்ணீர்த் திட்டத்தின் பம்ப் அறையைப் பார்க்க அறிவியல் நகரில் படிக்கிற தம்பி ஒருவர் லப்டொப்போடு வந்திருந்தார். பறவைக்கூட்ட அல்கோரிதம் என்று, பறவைகள் கூட்டமாக இரை தேடுவதைப் போலப் பல விடைகளை ஒரே நேரத்தில் தேடி நல்லதைப் பிடிக்கிற கணினி முறை ஒன்று. இருக்கிற காசுக்கு எங்கே எத்தனை மேலதிக மோட்டர் வைக்கலாம் என்று தேட விட்டிருக்கிறார். ஒரு மோட்டரின் நம்பகத்தன்மை, அதாவது பழுதில்லாமல் ஓடும் வாய்ப்பு, 0.9 என்றால், ஒன்று ஓடினாலே போதும் என்ற கணக்கில் இரண்டுக்கு 0.99, மூன்றுக்கு 0.999. மூன்று வையுங்கோ என்று விடை.

நான் பேசாமல் மோட்டர்களுக்குக் கரண்ட் கொடுக்கிற பனலின் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரேயொரு மெயின் பிரேக்கர். அதன் ஒரு முனையில் வயரின் உறை உருகிக் கருகியிருந்தது. "தம்பி, எத்தனை மோட்டர் வைத்தாலும் கரண்ட் இதாலதானே வரும்?" அவர் அந்தக் கருகலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "இது என்ர படத்தில இல்லை அண்ணை" என்றார். அந்த முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இந்த அல்கோரிதங்களை நம்பி எப்படிக் காசைப் போடுவது?

மாங்குளத்துப் பிள்ளை:
அல்கோரிதத்தைக் குறை சொல்லாதீங்கோ அண்ணை. கென்னடியும் எபர்ஹார்ட்டும் 1995இல் கொண்டுவந்த அந்த முறை, நாம் எழுதிக்கொடுக்கிற சூத்திரத்துக்குள்தான் தேடும். பனலுக்கு 0.95 என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கோ: ஒரு மோட்டரோடு 0.855, இரண்டோடு 0.9405, மூன்றோடு 0.949. மூன்றாவது மோட்டரால் கிடைப்பது ஒரு சதவீதம்கூட இல்லை. அந்தக் காசைப் பனலில் போடச் சொல்லி அதே அல்கோரிதம்தான் சொல்லும். காலபோக அறுவடை நேரம் மில்லில் ஒரு பெல்ட் அறுந்து, நெல் மூட்டைகள் வெளியே மழையில் நனைந்ததைப் பார்த்தவள் நான். மற்ற மெஷின் எல்லாம் நல்லாகத்தான் இருந்தது.

முல்லைத்தீவு எலக்ட்ரீசியன்:
எங்கள் பக்கம் குரங்கு பாய்ந்து, மோட்டர்களுக்குக் கரண்ட் வருகிற மூன்று லைனில் ஒன்று போனது. ஓடிக்கொண்டிருந்த இரண்டு மோட்டரும் சேர்ந்தே எரிந்தன. ஒன்று போனாலும் மற்றது ஓடும் என்ற கணக்கு அங்கே செல்லாது. லைன் குறைந்தால் மோட்டரை நிறுத்துகிற ரிலே ஒன்றை முதலில் போடுங்கோ.

அப்புறம், சின்னத் திட்டத்துக்கு அல்கோரிதமே தேவையில்லை. மூன்று இடம், இடத்துக்கு நாலு தெரிவு என்றால் மொத்தம் 64 சேர்க்கைதான். எக்செல்லில் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கலாம். அதே 15 இடம் என்றால் 107 கோடியைத் தாண்டும். இந்தப் பறவைக்கூட்ட முறையும், அதைப் போல எறும்புக்கூட்டத்தைப் பார்த்துச் செய்த முறையும் அங்கேதான் உதவும். அதிலும் வேறு வேறு தொடக்கத்திலிருந்து பல தடவை ஓட்டிப் பாருங்கோ. ஒரு ஓட்டத்தில் வந்த விடையை வைத்துக்கொண்டு மோட்டருக்கு ஓடர் கொடுக்காதீங்கோ.