ஆர்டர் போட்ட தேதியால் கைநழுவிய மானியம்

ரூர் வட்டாரம், ஜெர்மனி

வணக்கம். ஐரோப்பாவில் ஆலைகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எரிவாயுவை விட்டு சுத்தமான எரிசக்திக்கு மாற அரசு தரும் மானியத்தைத் தேடிப் போனபோது உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

நான் இருப்பது ஒரு பால் ஆலையில். மொத்தம் 180 பேர். இப்போதைய முதலாளியின் தாத்தா தொடங்கிய நிறுவனம். பாய்லர், குளிரூட்டும் யந்திரங்கள், கம்ப்ரசர், மின்சாரக் கணக்கு எல்லாம் என் பொறுப்பு.

எங்கள் எரிவாயு பாய்லர் 170 டிகிரிக்கும் மேல் நீராவி கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் பாலைப் பதப்படுத்த வேண்டியது 72 டிகிரி, 15 நொடி. குழாய்களையும் தொட்டிகளையும் கழுவ 80, 85 டிகிரி போதும். அதே நேரத்தில் கூரையில் குளிரூட்டும் யந்திரத்தின் அமோனியா கண்டென்சர் இரவு பகலாக வெப்பத்தைக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கும். கீழே காசு கொடுத்துச் சூடு உண்டாக்குகிறோம், மேலே அதே சூட்டை வெளியே அனுப்புகிறோம். வேலையில் சேர்ந்த முதல் மாதமே இது என்னை உறுத்தியது. நடுவில் ஒரு ஹீட் பம்ப் வைத்தால் அந்த வெப்பத்தைப் பிடித்து 85 டிகிரிக்கு ஏற்றிக் கழுவும் தண்ணீருக்குக் கொடுத்துவிடலாம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும் என்று என் கணக்கு சொன்னது.

மூன்று வருடம் யாரும் காதில் வாங்கவில்லை. 2022 ஆகஸ்டில் ஐரோப்பியச் சந்தையில் எரிவாயு விலை மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியதும் முதலாளியே என் மேசைக்கு வந்தார். யந்திரம் செய்பவர்களிடம் அப்போது ஏகப்பட்ட கூட்டம். "இந்த வாரம் கையெழுத்துப் போட்டால் அடுத்த கோடையில் தருகிறோம், இல்லாவிட்டால் அதற்கும் அடுத்த வருடம்" என்றார்கள். முதலாளி கையெழுத்துப் போட்டார். மானிய விண்ணப்பத்தை நான் மூன்று வாரம் கழித்து, நூறு பக்கக் கணக்கோடு அனுப்பினேன்.

பதில் ஒன்றரைப் பக்கம். பணி தொடங்கிய பிறகு விண்ணப்பித்திருக்கிறீர்கள், ஆகவே நிராகரிக்கப்படுகிறது. எங்கள் ஆலையில் ஒரு போல்ட்டைக்கூட அப்போது கழற்றவில்லை. யந்திரம் இன்னும் தயாரிப்பிலேயே இருந்தது. ஆனால் சட்டத்தின் கணக்கில், யந்திரம் வாங்கத் திரும்பப் பெற முடியாத முதல் உறுதிமொழியை எப்போது கொடுக்கிறோமோ அப்போதே பணி தொடங்கிவிடுகிறது. மூன்று லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூட நான் பேசவில்லை.

இந்த விதி ஒரு அதிகாரியின் பிடிவாதம் இல்லை என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு உதவி விதிகளிலேயே இருக்கிறது. மானியம் இல்லாமலும் நீ செய்யத் துணிந்துவிட்டாய் என்றால் பொதுப் பணம் உன்னிடம் எதையும் மாற்றவில்லை, பிறகு எதற்குத் தர வேண்டும் என்பது அதன் நியாயம். நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பெரிய நிறுவனத்தில் இதைப் படிக்கவென்றே ஒரு பிரிவு இருக்கிறது, எங்களிடம் நான் ஒருவன்தான். சாத்தியக்கூறு ஆய்வு, அனுமதி வாங்குவது, நிலம் வாங்குவது எல்லாம் 'தொடக்கம்' ஆகாது. யந்திரத்துக்கான உறுதியான ஆர்டர் ஆகும். இந்த ஒரு வரியை யாராவது முன்பே சொல்லியிருந்தால்!

ஹீட் பம்ப் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. 2024இல் இரண்டாவது யந்திரத்துக்கு வரிசையை மாற்றினோம்: முதலில் ஆய்வு, பிறகு விலைப்புள்ளிகள், பிறகு விண்ணப்பம், கடைசியில் ஆர்டர். மானியம் கிடைத்தது.

உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

ரோட்டர்டாம், நெதர்லாந்து

சகோ, படித்ததும் வயிறு எரிந்தது. இங்கே எனக்கு நடந்தது வேறு மாதிரி.

நாங்கள் காகித அட்டை செய்கிறோம். நெதர்லாந்தில் யந்திரம் வாங்க ஒரே தடவையாகக் கொடுப்பதைவிட, ஓட்டுவதற்குப் பல வருடம் கொடுக்கும் முறைதான் பெரிது. அதற்குப் பெயர் எஸ்டிஇ பிளஸ் பிளஸ். ஒரு டன் கரியமில வாயுவைக் குறைக்க எவ்வளவு உதவி வேண்டும் என்று ஒவ்வொருவரும் கேட்க, குறைவாகக் கேட்பவருக்கு முதலில் வாய்ப்பு. உதவித் தொகை நிலையானதும் இல்லை. எரிவாயுவும் கார்பன் அனுமதியும் (கரியமில வாயு விட ஆலைகள் வாங்க வேண்டிய உரிமம்) விலை ஏறினால் அரசு தருவது குறையும், இறங்கினால் கூடும். எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருக்கிறது. தேவைப்படும்போது கைகொடுத்து, தேவையில்லாதபோது விலகிக்கொள்கிறது.

ரோட்டர்டாம் துறைமுகத்தின் போர்த்தோஸ் திட்டமும் இந்த உதவியை நம்பித்தான் எழுந்தது. நான்கு பெரிய நிறுவனங்களின் கரியமில வாயுவை வட கடலின் காலியான எரிவாயு வயல்களுக்கு அனுப்ப, ஏறத்தாழ 200 கோடி யூரோ ஒதுக்கி வைத்தார்கள். கட்டுமான வேலையில் வெளியாகும் நைட்ரஜன் இயற்கைப் பகுதிகளைக் கெடுக்கும் என்று போட்ட வழக்கில் 2022 நவம்பரில் வந்த தீர்ப்பால் அது தடைப்பட்டது. 2023 ஆகஸ்டில் அனுமதி வந்து அக்டோபரில் முதலீட்டு முடிவு எடுத்தார்கள். பணம் ஒதுக்கியாயிற்று என்பதால் மட்டும் வேலை நடந்துவிடாது என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு நேர்ந்ததும் அதுதான். மின் பாய்லருக்கு உதவி உறுதியாகிவிட்டது. மின் இணைப்பைப் பெரிதாக்கக் கேட்டோம். வரிசையில் நில்லுங்கள் என்றார்கள். இந்த நாட்டில் மின் கம்பிகள் நிரம்பி வழிகின்றன, ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் காத்திருக்கின்றன. அரசு உதவியைப் பயன்படுத்தவோ ஒரு கெடு உண்டு. இணைப்புக்கு ஒருவரும் கெடு சொல்வதில்லை. கடைசியில் பெரிய பாய்லரை விட்டுவிட்டு, இருக்கும் இணைப்புக்குள் அடங்கும் சின்ன ஹீட் பம்பை வைத்தோம். ஆகவே மானியப் படிவத்தைத் தொடும் முன்பே மின் விநியோக நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள்.

போஷ்குரூன் பக்கம், நோர்வே

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இஞ்ச வந்து முப்பது வருசத்துக்கு மேல. மின்வேலைக்காரன். பிறேவிக் சீமெந்து ஆலையில காபன் பிடிக்கிற பகுதி கட்டேக்க ஒப்பந்த வேலைக்குப் போனனான்.

எங்கட ஆக்கள் கலியாண வீட்டிலயும் கேட்கிறவை, "எங்கட வரிக்காசை ஏன் கொம்பனிக்குக் குடுக்கினம்?" எண்டு. நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சனான். வேலைத்தளத்தில ஒரு இஞ்சினியர் பிள்ளை சுண்ணாம்புக் கல்லுத் துண்டு ஒண்டைக் கையில வைச்சுக்கொண்டு விளங்கப்படுத்தினா. சீமெந்தில வாற காபனில மூண்டில ரெண்டு பங்கு எரிபொருளில இருந்து வரேல்லை, கல்லில இருந்தே வருது. சூடாக்கினால் கல்லு காபனீரொட்சைட்டை விடும். காத்தாடி மின்சாரம் போட்டாலும், ஐதரசன் போட்டாலும் அந்தப் பங்கு குறையாது. பிடிச்சுத்தான் ஆகவேணும். அப்பிடிப் பிடிச்சால் சீமெந்து விலை கூடும், பக்கத்து ஆலை பிடிக்காமல் மலிவா விக்கும். பிறகு ஆர் முதல் ஆளா இறங்குவினம்?

அதாலதான் அரசாங்கம் இறங்கினது. 'லாங்ஸ்கிப்' எண்டு பெயர், பழைய வைக்கிங் நீளக் கப்பலின்ர பெயர். மொத்தச் செலவில ஏறத்தாழ மூண்டில ரெண்டு அரசின்ர பங்கு. 2025 யூன் மாதம் திறந்தவை. வருசத்துக்கு 4 லட்சம் தொன் பிடிக்கிற அளவு, அந்த ஆலை விடுறதில பாதி. திரவமாக்கிக் கப்பலில மேற்குக் கரைக்குக் கொண்டு போய், அங்கயிருந்து குழாயால கடலுக்கடியில 2,600 மீற்றர் ஆழத்தில இறக்கினம்.

நான் இழுத்த வயரும் அதுக்குள்ள கிடக்குது எண்டு என்ர பேரப்பிள்ளைக்குச் சொல்லுவன். என்ர வரிக்காசும் கிடக்குது. அது எனக்குச் சந்தோசம்தான்.

ஸ்டாக்ஹோம், சுவீடன்

யாழ்ப்பாணத்து அண்ணாவின் பதிவை இரண்டு முறை வாசித்தேன். நன்றி அண்ணா.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்னொவேஷன் ஃபண்டுக்கு விண்ணப்பம் எழுதுவது என் வேலை. இந்த நிதி வரிப்பணம் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆலைகளும் மின் நிலையங்களும் ஏலத்தில் வாங்கும் கார்பன் உமிழ்வு அனுமதிகளின் பணம் அது. டன்னுக்கு 75 யூரோ விலை என்று வைத்தால் 2020 முதல் 2030 வரை ஏறத்தாழ 4,000 கோடி யூரோ தேறும் என்பது மதிப்பீடு. புகை விடுபவர் கட்டிய காசு, புகையை நிறுத்த முயல்பவருக்குப் போகிறது.

ஆனால் வாசல் குறுகலானது. பெரிய திட்டங்களுக்கான முதல் அழைப்புக்கு 311 விண்ணப்பங்கள் வந்தன, தேர்வானவை 7. அவற்றில் இரண்டு சுவீடனுடையவை: நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனால் இரும்பு செய்யும் 'ஹைப்ரிட்' என்ற திட்டம், ஸ்டாக்ஹோமின் மரக்கழிவு போன்ற உயிர்மப் பொருள் எரிக்கும் மின் நிலையத்தில் கார்பன் பிடிக்கும் திட்டம். ஏழுக்கும் சேர்த்து 110 கோடி யூரோ.

நான் எழுதிய முதல் இரண்டும் தோற்றன. தொழில்நுட்பத்தில் குறை சொல்லவில்லை, 'முதிர்ச்சி' என்ற தலைப்பில் மதிப்பெண் போயிற்று. செய்த பொருளை யார் வாங்குவார் என்று ஒரு கடிதம் இல்லை. வங்கி என்ன சொல்கிறது என்று ஒரு வரி இல்லை. பொறியாளர்கள் நாங்கள் எல்லோரும் உலையின் படத்துக்கே உயிரைக் கொடுத்திருந்தோம். மூன்றாவது முறை வாங்குபவரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் முதல் பக்கத்தையே எழுதினேன். அது வென்றது.

வென்ற பிறகும் பணம் அப்படியே வந்துவிடாது. 40 சதவீதம் வரை மைல்கற்களைத் தாண்டும்போது தருவார்கள், மீதி பிறகுதான். உண்மையில் எத்தனை டன் குறைந்தது என்று ஆண்டுக்கணக்கில் அளந்து காட்ட வேண்டும். இது கடுமையாகத் தெரியலாம், நான் இதை ஆதரிக்கிறேன். காகிதத்தில் குறைத்துக் காட்டிவிட்டுப் போக முடியாது.

பால் ஆலை சகோவுக்கு ஒரு செய்தி: 2025 டிசம்பரில் ஆலைகளின் வெப்பத்தைச் சுத்தமான வழியில் உண்டாக்குவதற்கென்றே 100 கோடி யூரோவுக்கு ஒரு முன்னோட்ட மானிய ஏலம் திறந்தார்கள். அடுத்தது வருகிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்வெர்ப் அருகே, பெல்ஜியம்

அண்ணன்மாரே, அக்கா, எனக்கு அவசரம். நான் ஒரு பேக்கரி ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன், 60 பேர். எரிவாயு அடுப்புகளுக்குப் பதில் மின் அடுப்பு. வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து. மானியத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் முதலாளி. எங்கள் நிறுவனத்தின் அறுபது சதவீதப் பங்கை போன வருடம் ஒரு பெரிய குழுமம் வாங்கிவிட்டது. அதனால் ஏதாவது மாறுமா?

ரூர் வட்டாரம், ஜெர்மனி

தம்பி, இதைப் படித்த உடனே முதலாளியின் அறைக்குப் போங்கள். நான் சொன்ன விதி ஒன்றியம் முழுவதற்கும் பொது. வெள்ளிக்கிழமை கையெழுத்தானால் சனிக்கிழமை மானியம் இல்லை. முன்பணம் ஏதாவது ஏற்கெனவே கட்டியிருக்கிறீர்களா, 'எந்நிலையிலும் வாங்குவோம்' என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

குழுமம் வாங்கியதும் விஷயம்தான். பாதிக்கு மேல் பங்கு வேறொருவர் கையில் இருந்தால் அவர்களின் ஆட்களையும் வரவு செலவையும் உங்களோடு சேர்த்துத்தான் எண்ணுவார்கள். 250 பேருக்குக் கீழே இருந்தால்தான் சிறு, நடுத்தர நிறுவனம். பல உதவிகளில் சிறியவருக்கு 20, நடுத்தரத்துக்கு 10 சதவீதப் புள்ளிகள் வரை கூடுதலாகத் தரலாம். நீங்கள் பெரிய நிறுவனமாக எண்ணப்படலாம், அதைத் தெரிந்துகொண்டே கணக்கைப் போடுங்கள். மானியம் பெரும்பாலும் வேலை முடிந்து பில்களைக் காட்டிய பிறகுதான் வரும், இடையில் சமாளிக்க வங்கியிடமும் பேச வேண்டும். முதலாளி கேட்டால் என் நிராகரிப்புக் கடிதத்தைக் காட்டுங்கள். பெயர்களை மறைத்துத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

ஆண்ட்வெர்ப் அருகே, பெல்ஜியம்

அண்ணா, கடிதத்தைக் காட்டினேன். அங்கேயே நின்று முழுவதும் படித்தார். முன்பணம் எதுவும் கட்டவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டார். திங்கள் காலை விண்ணப்பப் படிவத்தோடு உட்காருகிறோம்.