ஆர்ப் போவுது, பிங் போவல: ஒரே மிஷின்ல ரெண்டு நேம்ஸ்பேஸ்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, லினக்ஸ் நெட்வொர்க்கிங் தெரிஞ்சவங்க கொஞ்சம் பாருங்க.

பாளையங்கோட்டையில பாலிடெக்னிக் பிள்ளைங்களுக்கு நெட்வொர்க்கிங் சொல்லிக்குடுக்கேன். ஆளுக்கொரு மிஷின் கிடையாது. அதனால ஒரே உபுண்டு மிஷின்ல 'பாளை', 'டவுன்'னு ரெண்டு நேம்ஸ்பேஸ் (ஒரே மிஷினுக்குள்ள தனித்தனி மிஷின் மாதிரி பிரிச்ச நெட்வொர்க்), நடுவுல ரெண்டையும் சேக்க ஒரு பிரிட்ஜ் (மென்பொருள் சுவிட்ச்). பாளையங்கோட்டையையும் திருநெல்வேலியையும் சேக்க 1843-ல ஆத்துக்கு மேல கட்டுன சுலோச்சன முதலியார் பாலம் மாதிரின்னு சொன்னா அவங்களுக்கு டக்குனு பிடிபடுது.

பாளைக்கு 10.10.1.1/24, டவுனுக்கு 10.10.1.2/24. நேம்ஸ்பேஸ பிரிட்ஜோட சேக்குற வீத் (ரெண்டு முனை உள்ள மெய்நிகர் கேபிள்) முனை நாலும் அப், பிரிட்ஜும் அப். ஆனா பிங் போவல.

பாக்கெட்டப் பாக்குற டிசிபிடம்ப் போட்டா, ஆர்ப் கேள்வி ('இந்த ஐபிக்கு மேக் முகவரி என்ன'ன்னு கேக்குறது) போவுது, பதிலும் வருது. ஐபி நெய்பர்ல மேக் முகவரி 'ரீச்சபிள்'னு நிக்கு. ஐசிஎம்பி (பிங் பாக்கெட்) மட்டும் பாளை பக்க வீத்ல தெரியுது, டவுன் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல.

அதே மிஷின்ல கன்டெய்னர் ஓட்டுற டாக்கரும் ஓடுது. அது ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) ஃபார்வர்ட் பாலிசிய ட்ராப்னு, அதாவது கடந்து போற பாக்கெட்டத் தடுக்கிற மாதிரி, மாத்திரும். பிஆர்-நெட்ஃபில்டர்ங்கிற கெர்னல் மாட்யூல் ஏறியிருந்தா பிரிட்ஜுக்குள்ள போற ஐபி பாக்கெட்டும் அங்க மாட்டும், ஆர்ப் மாட்டாது. பிரிட்ஜ் பாக்கெட்ட ஐபிடேபிள்ஸுக்கு அனுப்புற பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ் செட்டிங்க 0 ஆக்குனதும் பிங் போயிட்டு!

ஆனா அத மொத்தமா அணைச்சா டாக்கர் கன்டெய்னருக்கு இடையில உள்ள தடுப்பும் தளர்ந்திரும். எனக்கு அது சரியாப் படல. டாக்கர்-யூசர் செயின்ல (நம்ம சொந்த விதி போட டாக்கர் விட்டுவச்ச இடம்) என் பிரிட்ஜுக்கு மட்டும் அக்செப்ட் போடுறது நல்லதா, இல்ல பொதுவுல 0 வச்சு டாக்கர் பிரிட்ஜ்ல மட்டும் 1 வைக்கதா? ரீபூட்டுக்கப்புறமும் நிக்கணும். செஞ்சு பாத்தவங்க கமாண்டோட சொல்லுங்க.