கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் பந்தாட்டம் பார்த்தவர்களே, உங்களுக்கு மறக்காதது எது?

செந்தூல்காரன்:

2010 டிசம்பர் 26. எந்த ஆட்டம் என்று சொல்லத் தேவையில்லை. சுசூகி கிண்ணம், அதாவது தென்கிழக்காசியக் கிண்ணம், இரண்டு ஆட்டமாக நடக்கும் இறுதியில் முதல் ஆட்டம், எதிரே இந்தோனேசியா. அன்று அரங்கத்தில் இருந்தேன் என்று சொல்கிறவர்களை எல்லாம் கூட்டினால் புக்கிட் ஜாலில் பத்து தடவை நிரம்பும், ஆனால் நான் உண்மையிலேயே இருந்தேன், கோல் கம்பத்துக்குப் பின்னால் மேல் தளத்தில், சித்தப்பா மகனோடு. அவனிடம் பேனா மாதிரி ஒரு பச்சை லேசர் இருந்தது. சுற்றிலும் இன்னும் பத்துப் பதினைந்து பேரிடம் இருந்தது. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் கையில் கொடுத்தான். வாங்கினேன். பச்சைப் புள்ளி புல்லில் ஓடி, வலையில் ஏறி, இந்தோனேசியக் கோல்கீப்பர் மார்கூசின் மேல் நின்றது. அவ்வளவு உயரத்திலிருந்து கன்னமா நெற்றியா என்று தெரியாது, அவர் கையை முகத்துக்குக் குறுக்கே வைத்தது மட்டும் தெரிந்தது. மதிய வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவர் வைப்பாரே, அப்படி. அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும், அவர்கள் திடலை விட்டு வெளியே போனார்கள், ஆட்டம் நின்றது, திரும்பி வந்தார்கள், சஃபீ 61இல், அஷாரி 68இல், மறுபடி சஃபீ 73இல். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போயிற்று. ஜகார்த்தாவில் 2-1 தோற்றும் கிண்ணம் நமக்கு வந்தது, 31ஆம் தேதி பொது விடுமுறை விட்டார்கள். பயிற்சியாளர் நம்ம ராஜகோபால் என்பதால் அம்மா பேப்பரிலிருந்து அவர் படத்தை வெட்டிச் சாமி அலமாரியில் வைத்தார். நான் அந்த லீவு நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு அந்தக் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் யாராவது அந்த மூன்று கோலைப் பற்றிப் பேசினால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

பூச்சோங் மச்சான்:

செந்தூல், ரொம்ப யோசிக்காதே. லேசரா கோல் போட்டது? மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் நம்ம கைருல் ஃபாமி முகத்திலும்தான் அடித்தார்கள், அதோடுதான் அவர் பெனால்டியைப் பிடித்தார். அழுதாரா?

என் கதை 2014. டிசம்பர் 20, அதே கிண்ணத்தின் இறுதி, தாய்லாந்தோடு இரண்டாம் ஆட்டம். பேங்காக்கில் 2-0 தோற்றுவிட்டு வந்திருந்தோம். சஃபிக் ரஹீம் பெனால்டி, இந்திரா புத்ரா, மறுபடி சஃபிக் ஃப்ரீகிக், 3-0, மொத்தத்தில் நாம் முன்னே. என் அப்பாவுக்கு ஒரு வியாதி உண்டு, எந்தக் கூட்டத்திலிருந்தும் எல்லாருக்கும் முன்னால் வெளியேற வேண்டும், கல்யாண வீட்டில்கூட பாயசம் வருவதற்குள் செருப்பைத் தேடுவார். 80ஆவது நிமிடம் "வாடா, கார் எடுக்க முடியாது" என்று எழுந்துவிட்டார். நானும் போனேன். படி இறங்கி, வெளிவட்டத்தில் கரும்புச்சாறு வண்டியைத் தாண்டியிருப்போம். அதுவரை முதுகுக்குப் பின்னால் ஓயாத இரைச்சல், மழைக்காலத்து ஆறு மாதிரி. அது நின்றது. குறைந்து குறைந்து போகவில்லை, சட்டென்று நின்றது. கரும்பு பிழியும் மெஷின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. வண்டிக்காரர் அரங்கத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கரும்பை மடித்துச் செருகினார். அது தாய்லாந்தின் ஷப்புயி போட்ட கோல், 82ஆவது நிமிடம். கார் கதவைத் திறக்கும்போது சனாதிப் போட்டது, ரேடியோவில் கேட்டோம். மொத்தம் 4-3, கிண்ணம் அவர்களுக்கு. வீடு போகும்வரை அப்பா ரேடியோவை அணைக்கவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நாங்கள் எழுந்ததால்தான் தோற்றோம் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார், அப்பாவும் அதை மறுப்பதில்லை.

எல்ஆர்டி ஏகாம்பரம்:

மச்சான், உன் அப்பா செய்த தப்பு எழுந்து வந்தது இல்லை, கார் எடுத்து வந்ததுதான். இத்தனை வருடம் ஆகியும் நம் ஆட்கள் ஆட்டத்துக்குக் காரில் போகிறார்களே! புக்கிட் ஜாலில் எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன் அரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 1998 காமன்வெல்த் போட்டியை ஒட்டித் திறந்தது. ஸ்ரீ பெட்டாலிங் தடம், மஸ்ஜிட் ஜாமெக்கில் ஏறினால் நேராகப் போகலாம், அம்பாங் பக்கத்திலிருந்து வந்தால் சான் சோ லினில் மாற வேண்டும், இதில்தான் நிறையப் பேர் தூங்கிவிடுகிறார்கள். டச் அன் கோ பயணக் கார்டில் போகும்போதே திரும்பி வரும் காசையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், ஆட்டம் முடிந்து அந்த மெஷின் முன்னால் நிற்பது பினாங்கு தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் முன்னால் நிற்பது போல். தண்ணீர்ப் போத்தலை வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள், ஆகையால் உள்ளே போகும் முன் வயிறு முட்டக் குடியுங்கள், ஆனால் கழிப்பறை வரிசையையும் யோசியுங்கள். இருக்கை எண்பதாயிரத்துக்கு மேல் என்று கணக்கு, இருந்தாலும் கீழ்த்தளம் வாங்காதீர்கள், நடுவில் ஓட்டப்பந்தயத் தடம் இருப்பதால் திடல் எட்டத்தில் கிடக்கும், எதிர்க் கோல் பக்கம் நடப்பது எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். மேல்தளம் நல்லது. குழந்தைகளோடு போனால் அல்ட்ராஸ் மலாயா என்ற ரசிகர் கூட்டம் நிற்கும் பக்கம் வேண்டாம், தப்பானவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாடுவார்கள், உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் இடுப்புதான் தெரியும். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், குடை வேண்டாம்.

என் அனுபவமா? 2018 வியட்நாம் இறுதி ஆட்டம், 2-2. நல்ல ஆட்டம்.

காலாங் பையன்:

ஏகாம்பரம் அண்ணே, வழி யாரும் கேட்கவில்லையே. உங்கள் கதை ஒரே வரியில் முடிந்துவிட்டது.

நான் சிங்கப்பூர். செந்தூல் சொன்ன மாதிரி எதிரணி வெளியேறியதை நானும் பார்த்தேன், பழைய தேசிய விளையாட்டரங்கில், 2007 ஜனவரி 31. எதிரே தாய்லாந்து, 1-1, முடிய இன்னும் சில நிமிடம், எங்கள் சிங்கப்பூருக்குப் பெனால்டி கொடுத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது பெனால்டியாகத் தெரியவில்லை. அவர்கள் கோபத்தில் ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டார்கள், கால் மணி நேரம் போல ஆட்டமே இல்லை. அந்த அரங்கத்தில் பல இடத்தில் தனித்தனி நாற்காலி கிடையாது, நீளப் பலகைதான், எல்லாரும் காலால் உதைத்தால் முதுகெலும்பு வரை அதிரும். காலாங் முழக்கம் என்று சும்மா பெயர் வைக்கவில்லை. அன்று காத்திருந்த நேரத்தில் அந்த உதை முழுக்க எங்களுக்குக் கீழே நாலு வரிசை தள்ளி இருந்த கொஞ்சம் தாய்லாந்துக்காரர்கள் மேல் திரும்பியது. என்னோடு வந்தவன் காலிப் போத்தல் ஒன்றை எறிந்தான். ஒரு நடுத்தர வயது அம்மாவின் காலடியில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. குனிந்து எடுத்தார், மூடி கொஞ்ச தூரத்தில் கிடந்தது, அதையும் தேடி எடுத்துத் திருகி மூடி, தன் பையில் வைத்துக்கொண்டார். முஸ்தாஃபிச் பெனால்டியைப் போட்டு 2-1 ஆனதும் எல்லாரும் குதித்தோம், நான் குதித்துக்கொண்டே அந்தப் பையைத்தான் பார்த்தேன். அரங்கத்தை இடித்துவிட்டார்கள். புதியது 55,000 பேருக்கு, மேலே மூடும் கூரை, குளுகுளுவென்று காற்று. நல்லாத்தான் இருக்கிறது.

தோட்டத்துத் தாத்தா:

நீங்கள் எல்லாம் புக்கிட் ஜாலில் என்கிறீர்கள். எங்களுக்குத் தேசிய அரங்கம் என்றால் மெர்டேக்காதான், சுதந்திரம் சொன்ன இடம். 1980 ஏப்ரல் 6, தென்கொரியா, ஜெயித்தால் மாஸ்கோ ஒலிம்பிக். தோட்டத்திலிருந்து லாரியில் இருபது பேர் போனோம், பாதிப்பேர் கோல்கீப்பர் ஆறுமுகத்தைப் பார்க்கவே வந்தவர்கள். அந்தக் கையின் நீளம் இருக்கிறதே, எட்டாது என்று நாம் நினைக்கும் பந்தை எட்டித் தட்டுவார், பின்னால் இருந்த மலாய்க்காரர், சீனர் எல்லாம் "ஸ்பைடர்மேன்" என்று கத்த, நாங்கள் "ஆறுமுகம்" என்று கத்துவோம். 1-1. முடியப் போகிற நேரம். நெரிசலில் என் இடது சிலிப்பர் கழன்று கீழே போய்விட்டது. புது சிலிப்பர், அந்த ஆட்டத்துக்காக வாங்கியது. குனிந்து காலுக்குள் கையை விட்டுத் துழாவுகிறேன், தலைக்கு மேல் வானம் இடிந்து விழுந்தது போல் சத்தம், யாரோ என் முதுகில் ஏறிக் குதிக்கிறார். ஹசான் சானி கொடுத்து ஜேம்ஸ் வோங் போட்ட கோல். நாட்டுக்கே தெரியும் அந்தக் கோல். நான் அங்கே இருந்தும் பார்க்கவில்லை. சிலிப்பரும் கிடைக்கவில்லை. அப்புறம் புறக்கணிப்பு என்று மாஸ்கோவுக்கும் போகவில்லை. ஆறுமுகம் 1988இல் கார் விபத்தில் போய்விட்டார். பேரன்களிடம் நான் கோலைப் பார்த்ததாகத்தான் சொல்லியிருக்கிறேன், அவர்கள் யாரும் தமிழ் படிப்பதில்லை என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

ரவாங் கவிதா:

ஐயா, சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

நான் போனது ஒரே ஆட்டம், 2022 ஜூன் 14, பங்களாதேஷ். ஜெயித்தால் ஆசியக் கிண்ணம், 1980க்கு அப்புறம் தகுதிச் சுற்றில் ஜெயித்து உள்ளே போவது அதுதான் முதல் தடவை. அவர்கள் பக்கம் நல்ல கூட்டம், கட்டுமானத்திலும் பெட்ரோல் ஸ்டேஷனிலும் வேலை செய்பவர்கள். அவர்கள் 1-1 ஆக்கியபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஆடினார். பார்த்தால், எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், நான் தினமும் எண்ணெய் போடும் கடையில் கவுண்டரில் இருக்கும் பையன். இரண்டு வருடமாக அவனிடம் "பம்ப் மூன்று, முப்பது வெள்ளி" தவிர வேறு பேசியதில்லை, அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. அவனும் என்னைப் பார்த்தான், சட்டென்று சட்டையைக் கீழே இறக்கினான், முதலாளி வந்துவிட்ட மாதிரி. அப்புறம் 4-1. மறுநாள் "தஹ்னியா, காக்" என்று மலாயில் வாழ்த்தி மீதிக் காசைக் கொடுத்தான். அவன் பெயரைக் கேட்டிருக்கலாம். அடுத்த மாதம் வேறு ஆள் நின்றார்.

செந்தூல்காரன்:

எல்லாரும் உள்ளதைச் சொல்வதால் நானும் ஒன்றைத் திருத்துகிறேன். லேசர் சித்தப்பா மகனுடையது இல்லை. முதல் நாள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பத்து வெள்ளி கொடுத்து நான் வாங்கியது. அவன் "வேண்டாம் அண்ணே, வைங்க" என்று இரண்டு தடவை சொன்னான்.

எல்ஆர்டி ஏகாம்பரம்:

இப்போது அதெல்லாம் உள்ளே கொண்டுபோக முடியாது தம்பி, வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். அதற்கும் ஒரு வரிசை நிற்கும். ஆறு மணிக்கே போய்விடுங்கள்.